ஆர்டுயினோ ஊனோ போர்டும் எச்.சி-05 (HC-05) புளூடூத் மாடியூலும் வாங்கினேன், ஐபோனில் புளூடூத் தெரியவே இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டியின் அளவைப் பார்க்க எந்த மைக்ரோகன்ட்ரோலர் வாங்கலாம்?

உங்கள் மாடியூல் கெட்டுப்போகவில்லை, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எச்.சி-05 பேசுவது புளூடூத் கிளாசிக், அதாவது பழைய வகைப் புளூடூத். ஆண்ட்ராய்டு அதோடு உடனே சேர்ந்துகொள்ளும்; ஐபோன் சாதாரண ஆப்களுக்கு அந்த வழியைத் திறந்துவிடுவதில்லை. ஐபோனுக்கு வேண்டியது பிஎல்இ (BLE), அதாவது குறைந்த கரண்டில் ஓடும் புளூடூத். 2010இல் புளூடூத் 4.0 உடன் வந்த முறை அது. பெயர் ஒன்றுதான், ஆனால் கிளாசிக் மட்டும் தெரிந்த சிப்பும் பிஎல்இ மட்டும் தெரிந்த சிப்பும் ஒன்றோடொன்று பேசாது. அதனால் சிப்பைப் பார்ப்பதற்கு முன் எந்தக் கைப்பேசி, கரண்டு எங்கிருந்து வரும் என்ற இரண்டையும் முடிவு செய்யுங்கள்.

இரண்டாவதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் என் அத்தைக்குப் பூக்கடை இருக்கிறது. மல்லிகை வைக்கும் ஐஸ்பெட்டி ராத்திரியில் எவ்வளவு சூடானது என்பதைக் காலையில் கைப்பேசியில் பார்க்க ஒரு கருவி கேட்டார். வைஃபையும் புளூடூத்தும் உள்ள ஈஎஸ்பி32 (ESP32) சிப்பை சிஆர்2032 பட்டன் பேட்டரியில் ஓட்டப் பார்த்தேன். ரேடியோ அனுப்பும் நொடியில் அது 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பட்டன் பேட்டரியால் அவ்வளவு தர முடியாது. வோல்ட் சரிந்து, சிப் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. என்ஆர்எஃப்52832 (nRF52832) என்ற பிஎல்இ சிப்புக்கு மாற்றினேன். அனுப்பும்போதும் ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர்தான், வோல்ட் 1.7 வரை சரிந்தாலும் ஓடும். போர்டைப் பெட்டிக்கு வெளியே ஒட்டி, சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரின் வயரை மட்டும் கதவு ரப்பர் வழியே உள்ளே விட்டேன். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் சரியாக வெளியே வராது.

உங்கள் தொட்டிப் பக்கம் அடாப்டர் கரண்டு கிடைத்தால் ஈஎஸ்பி32-சி3 போதும். விலையும் குறைவு, பிஎல்இ 5 இருக்கிறது. பழைய ஈஎஸ்பி32இல் கிளாசிக், பிஎல்இ இரண்டும் உண்டு. அதே வரிசையில் வந்த எஸ்3, சி3 இரண்டிலும் பிஎல்இ மட்டும். எஸ்2வில் புளூடூத்தே கிடையாது! பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் வாங்கும்போது சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தொட்டிக்கு ஒலி அலையால் தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 (HC-SR04) அல்ட்ராசோனிக் சென்சார்தான் போடப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் எக்கோ பின் 5 வோல்ட் தரும், சி3யின் பின்கள் 3.3 வோல்ட். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் வோல்ட்டைப் பிரித்துக் குறைத்துக் கொடுங்கள். மாடிக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையே இரண்டு மூன்று கான்கிரீட் தளங்கள் இருந்தால் புளூடூத் எட்டாமல் போகலாம். அப்போது அதே சி3யில் இருக்கும் வைஃபையைப் பயன்படுத்துங்கள், வேறு போர்டு வாங்க வேண்டியதில்லை.