ஐந்தடி உயரம், பிளாட்பெட் ஆசை: எங்கே தொடங்குவது?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 34. வேலை செய்த வேர்ஹவுசில் ஆட்குறைப்புச் செய்தபோது என்னையும் நிறுத்திவிட்டார்கள். கார் ஓட்டும் முழு ஜி லைசென்ஸ் இருக்கிறது, பக்கமும் கூரையும் இல்லாத திறந்த ட்ரெய்லர் இழுக்கும் பிளாட்பெட் ட்ரக் ஓட்டப் பழக ஆசை. கணவரின் அண்ணாவும் ட்ரக் ஓட்டுகிறவர்தான். "ஐந்தடிப் பொம்பிளையால படங்கு தூக்க ஏலாது, ஓடுறதெண்டால் மூடின ட்ரெய்லர் ஓடட்டும்" என்கிறார். உண்மையா? பழகும்போது ஆண் பயிற்சியாளரோடு ட்ரக்குக்குள்ளேயே படுக்க வேண்டி வருமா?

பதில்: அண்ணா சொல்வதில் பாதி உண்மை, தங்கச்சி. மரப்பலகை லோடை மூடப் போடும் படங்கு (தார்ப்பாய்) ஒன்று 45 கிலோ வரை வரும், நனைந்தால் இன்னும் கூடும். ஆனால் அதைத் தோளில் சுமந்து ஏணியில் ஏறுவதுதான் ஆண்மை என்று நினைத்தவர்கள் பலர் இன்று முதுகு வலியோடு வீட்டில் இருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் லோட் ஏற்றும் இடத்திலேயே ஃபோர்க்லிஃப்ட்காரரிடம் சொல்லி, சுருட்டிய படங்கை லோடுக்கு மேலே வைப்பித்து, அங்கிருந்து விரித்துக்கொண்டு வருவார்கள். அதே நீளத்தை மூன்று துண்டாகப் பிரித்த பாரம் குறைந்த படங்குகளும் இருக்கின்றன. இரும்புக்குப் போடுவது மரத்துக்குப் போடுவதைவிடச் சின்னது. கூடாரம் மாதிரி முழுக்க இழுத்து மூடும் ட்ரெய்லர்கள் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, அங்கே படங்கு வேலையே இல்லை.

உயரம் குறைந்தவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. லோடைக் கட்டும் பட்டியை, அதாவது ஸ்ட்ராப்பை, இறுக்கும் இரும்புத் தடியான வின்ச் பார் வழுக்கினால் நேரே முகத்துக்கு வரும், அதனால் முகத்தை அதன் பாதையில் வைக்காதீர்கள், முழு உடம்பையும் அதன் மேல் தொங்கவிடாதீர்கள். சங்கிலி இறுக்க நெம்புகோல் பைண்டர் தந்தால் வேண்டாம் என்று சொல்லி ராட்செட் பைண்டர் கேளுங்கள். நெம்புகோல் வகை கழலும்போது இறுக்கிய விசையெல்லாம் ஒரேயடியாகக் கையில் வந்து அடிக்கும், ராட்செட் மெல்ல மெல்ல விடும். உங்கள் காசில் வாங்க வேண்டி வந்தாலும் வாங்குங்கள்.

சரி, லைசென்ஸ். ஒன்ராறியோவில் ஏஸெட் எனப்படும் பெரிய ட்ரெய்லர் ட்ரக் லைசென்ஸ் எடுக்க 18 வயதும் முழு ஜி லைசென்ஸும் வேண்டும். மருத்துவச் சான்று, கண் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை, அதன் பிறகு மெல்ட் எனப்படும் கட்டாயப் பயிற்சி. 2017 ஜூலை 1 முதல் இது இல்லாமல் ரோட் டெஸ்ட் இல்லை. குறைந்தது 103.5 மணி நேரம், அதில் 50 மணி நேரம் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். பின் இருக்கையில் இருந்து மற்ற மாணவர் ஓட்டுவதைப் பார்ப்பது அந்த 50இல் சேராது. மலிவு விலைப் பள்ளிகள் சில இங்கேதான் விளையாடுகின்றன, ஓடாத மணித்தியாலத்துக்கும் கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். முடிந்தால் கியர் ட்ரக்கிலேயே டெஸ்ட் கொடுங்கள், ஆட்டோமேட்டிக்கில் கொடுத்தால் லைசென்ஸில் அந்தக் கட்டுப்பாடு ஏறிவிடும்.

வேலை போய்விட்டது என்று எழுதியிருப்பதால் ஒன்று சொல்கிறேன்: பள்ளிக்கு ஒரு டொலர்கூடக் கட்டுவதற்கு முன் பக்கத்து எம்ப்ளாய்மென்ட் ஒன்ராறியோ அலுவலகத்துக்குப் போய் பெட்டர் ஜாப்ஸ் ஒன்ராறியோ திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சிச் செலவு தரும் திட்டம் அது. தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு பணம் கேட்டால் பெரும்பாலும் நடக்காது.

இப்போது பலரும் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். ஏஸெட் கையில் வந்தாலும் நீங்கள் பிளாட்பெட் ட்ரைவர் இல்லை. மெல்ட்டில் லோட் கட்டுவது சிறு பகுதிதான், பிளாட்பெட்டிலோ அதுதான் வேலையே. ஒரு கணக்குப் பாருங்கள். ஸ்ட்ராப், சங்கிலி என்று எல்லாக் கட்டுகளும் சேர்ந்து தாங்கும் அளவு, லோடின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. 20,000 கிலோ இரும்பு என்றால் 10,000 கிலோ வேண்டும். வழக்கமான 4 அங்குல ஸ்ட்ராப் ஒன்று 2,450 கிலோ தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். நான்கு போட்டால் 9,800, ஒரு இன்ஸ்பெக்டர் உங்களை ரோட்டோரம் நிறுத்த அந்த 200 கிலோ போதும், ஆகவே ஐந்தாவது கட்டாயம். லோடின் நீளத்துக்கு என்று தனியாக இன்னொரு கணக்கும் உண்டு, இரண்டில் எது அதிகக் கட்டுக் கேட்கிறதோ அதுதான். புறப்பட்டு முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்திக் கட்டுகளைப் பார்க்க வேண்டும், அதன் பிறகு 240 கிலோமீட்டர் அல்லது 3 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அப்போது. லோட் குலுங்கி இறங்கும்போது ஸ்ட்ராப் தளரும், சட்டம் சொல்கிறது என்பதற்காக மட்டும் பார்ப்பதில்லை.

ஆகவே முதல் கம்பெனியைத் தெரிவு செய்வதுதான் பள்ளியைவிட முக்கியம். யார்டில் வைத்து எத்தனை நாள் கட்டப் பழக்குவீர்கள், பிறகு யாரோடு எத்தனை கிழமை அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். "வாங்க, ரோட்டிலே பழகலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

படுக்கைக் கேள்வி நியாயமான கேள்வி, இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேட்க வேண்டியதும்கூட. பெண் பயிற்சியாளர் வரும் வரை காத்திருங்கள் என்பார்கள் சில இடங்களில், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் வேலை இல்லாமல் இருக்க வேண்டி வரும். அமெரிக்காவில் பிரைம் என்ற பெரிய கம்பெனி இப்படிப் பெண்களை மட்டும் காக்க வைத்தது பாகுபாடு என்று 2014இல் நீதிமன்றம் சொன்னது, 2016இல் 31 லட்சம் டொலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. நல்ல வழி, இரவு வீட்டுக்குத் திரும்பும் உள்ளூர் ஓட்டத்தில் பழகுவது. ஒன்ராறியோவுக்குள் இரும்பும் கட்டடப் பொருளும் ஓடும் பிளாட்பெட் வேலை நிறைய இருக்கிறது. தூர ஓட்டம்தான் என்றால் பயிற்சிக் காலத்தில் தனி ஹோட்டல் அறை தருவார்களா என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்குங்கள்.

"உங்கட பேரில ஒரு கோர்ப்பரேஷன் பதிஞ்சுகொண்டு வாங்கோ, கையில கூடக் காசு வரும்" என்று நம் ஆட்களே சொல்வார்கள். ட்ரைவர் இங்க் என்று இதற்குப் பெயர். அவர்களுடைய ட்ரக்கை, அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்களுக்கு மட்டும் ஓட்டிவிட்டு, தாளில் மட்டும் முதலாளியாக இருப்பீர்கள். வேலையிழப்புக் காப்புறுதி வெட்டமாட்டார்கள், பிள்ளைப்பேற்று விடுப்புப் பணமும் அதிலிருந்துதான் வருகிறது. லோடு மேலிருந்து விழுந்து கால் முறிந்தால் யார் பார்ப்பது என்பதையும் யோசியுங்கள், பிளாட்பெட்டில் அது நடக்காத விஷயம் இல்லை.

கையுறையும் இரும்பு முனைச் சப்பாத்தும் உங்கள் அளவில் நீங்களே முதலில் வாங்கி வையுங்கள், யார்டில் கிடப்பதெல்லாம் ஆண்களின் அளவு, பெரிய கையுறை வின்ச்சில் மாட்டும். ஹமில்ரன் இரும்பு ஆலைகளில் இருந்து வரும் சுருள் தகடு லோட்களை முதல் சில மாதம் தனியாக எடுக்காதீர்கள். பத்து டன்னுக்கு மேல் வரும் சுருள் கட்டு அவிழ்ந்து உருண்டால் எந்தப் பக்கம் போகும் என்பது அதை வைத்த விதத்தில் இருக்கிறது, அதைக் கட்டுவதற்கும் தனி விதிகள் உண்டு. அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று சில தடவை சரிபார்த்த பிறகு எடுங்கள், லோட் அனுப்பும் டிஸ்பாட்சர் அவசரம் என்றாலும்.