மீதிப் பாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

லிதுவேனியாவின் கௌனஸ் நகரில், மேலிட உத்தரவை மீறி யூத அகதிகளுக்கு விசா கொடுத்த ஜப்பானியத் துணைத்தூதர் சியூனே சுகிஹாராவின் இல்லத்தைப் பார்த்துவந்தேன். 1940இல் ஜப்பானியத் துணைத்தூதரகமாக இருந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். ஒரு மேசை, ஒரு கொடி, புகைப்படங்கள்; அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. உண்மையில் ஏமாற்றம். இரண்டு கேள்விகள். அரசு ஊழியர் மேலிட உத்தரவை மீறுவது எந்த அளவுக்கு நியாயம்? ஊரைவிட்டுக் கிளம்பும்போது ரயில் ஜன்னல் வழியாகவும் அவர் விசா கொடுத்தார் என்பது உண்மையா?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாகவே அந்த வீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. அவ்வளவு தொலைவு தேடிப் போன உங்கள் மனத்துக்கு என் அன்பு. ஆனால் ஏமாற்றம் என்கிறீர்களே, எதை எதிர்பார்த்துப் போனீர்கள், பீரங்கியையா? தாளில் எழுதி முத்திரை குத்திச் செய்த வேலைக்கு மேசையைத் தவிர வேறென்ன மிஞ்சும்? ரயில் ஜன்னலை விட்டுவிடுங்கள். அது இல்லாமலேயே அவருடைய விசாப் பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஒரே விசாவில் குடும்பமே போனதும் உண்டு.

என்னை உறுத்துவது வேறு. உங்கள் கடிதத்தில் யான் ஸ்வார்ட்டென்டைக் என்ற பெயரே இல்லை. சுகிஹாரா கொடுத்தது ஜப்பானைக் கடந்து செல்வதற்கான விசா. கடந்து எந்த நாட்டுக்குப் போகிறார் என்று காட்ட முடியாதவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று டோக்கியோ சொல்லியிருந்தது. போலந்திலிருந்து தப்பி வந்து, சோவியத் படை நுழைந்துவிட்ட லிதுவேனியாவில் சிக்கிக்கொண்ட யூதர்கள் எந்த நாட்டைக் காட்டுவார்கள்? காட்டுவதற்கு ஓர் இடத்தை உண்டாக்கித் தந்தவர், பிலிப்ஸ் நிறுவனத்தின் லிதுவேனியக் கிளையை நடத்திக்கொண்டே அந்த ஜூன் மாதத்தில்தான் நெதர்லாந்தின் தற்காலிகத் துணைத்தூதர் பொறுப்பையும் ஏற்றிருந்த ஸ்வார்ட்டென்டைக். சுரினாம், குராசாவ் முதலிய டச்சு ஆட்சிப்பகுதிகளுக்குள் நுழைய விசா தேவையில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அது பொய்யில்லை. ஆளுநரின் அனுமதி வேண்டும் என்ற மீதிப் பாதியை மட்டும் எழுதாமல் விட்டார். லாட்வியாவின் ரிகா நகரிலிருந்த டச்சுத் தூதர் டெ டெக்கர் இதற்கு இணங்கியிருந்தார். இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டுதான் மிகப் பலர் சுகிஹாராவின் வாசலில் நின்றார்கள்.

நான் நெடுங்காலம் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். கோப்பை நகரவிடாமல் நிறுத்த நினைப்பவருக்கு விதியின் மீதிப் பாதி எப்போதும் கைவசம் இருக்கும். கணவனை இழந்த ஒரு பெண்ணின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தை, ஓர் இணைப்பு குறைகிறது என்று மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பிய அதிகாரியை எனக்குத் தெரியும். அவர் எந்த விதியையும் மீறவில்லை. ஸ்வார்ட்டென்டைக்கும் மீறியதாகச் சொல்ல முடியாது. ஆகவே மீறலின் நியாயம் பற்றிய உங்கள் கேள்வி, நல்ல கேள்விதான் என்றாலும், எனக்கு இங்கே அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இருக்கும் விதியில் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது ஒவ்வொரு மேசையிலும் அன்றாடம் நடக்கிறது. அதைப் பேசினால் நம் அலுவலகங்களையும் பேச வேண்டிவரும் என்பதால்தான், ஒற்றை மாமனிதரின் மனசாட்சி என்று கதையைச் சுருக்கி அவருக்கு மாலை போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். சுகிஹாராவின் பெருமை இதனால் குறையாது. 1947இல் வெளியுறவுத் துறையிலிருந்து வெளியேற்றப்பட்டவர், உயிரோடிருக்கும்போதே, யூத இனப்படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவகமான யாத் வாஷெமின் அங்கீகாரத்தைப் பெற்றார். ஸ்வார்ட்டென்டைக்குக்கு அது 1997இல் வந்தது, அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து.

அதே கௌனஸ் நகரின் லைஸ்வேஸ் அலேயாவில், அவருடைய அலுவலகம் இருந்த இடத்தின் முன்னால், 2018இல் ஒளிக்கம்பிகளாலான ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் நீங்கள் நிச்சயம் நடந்திருப்பீர்கள். உங்கள் புகைப்படங்களில் எங்காவது தற்செயலாகப் பதிந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்து எழுதுங்கள்.