சந்தடியில்லாத சாலைகளில் சைக்கிள்: கேள்வி பதில்

கேள்வி: லாரி, பஸ் தொல்லை இல்லாத அழகான சாலையை எப்படிக் கண்டுபிடிப்பது? மேப்பில் வழி கேட்டால் நெடுஞ்சாலையையே காட்டுகிறது.

பதில்: வழி கேட்காதீர்கள். மேப்பைப் பெரிதாக்கி நீங்களே தேடுங்கள். புதிய நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே வளைந்து வளைந்து ஒரு பழைய சாலை போகிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய வண்டிகளெல்லாம் புதியதற்கு மாறிய பிறகு, பழையது பெரும்பாலும் நமக்கே விட்டுவைத்ததுபோல் கிடக்கும். அடுத்தது ஆற்றோரச் சாலை. தண்ணீர் போகிற போக்கிலேயே போவதால் செங்குத்தான ஏற்றம் குறைவு, காட்சியும் கூடவே வரும்.

அப்புறம் சாட்டிலைட் படத்தை ஒருமுறை பாருங்கள். தார் போட்டிருக்கிறதா, மண்பாதையா என்பது தெரியும். சாலையோரம் எங்காவது வெளிறிய பெரிய பள்ளம் தெரிந்தால் கவனம், அது கல்குவாரியாக இருக்கலாம். அப்படியானால், மேப்பில் நூல்போல் தெரியும் சாலையில்கூட நாள் முழுக்க டிப்பர் லாரி ஓடும். அந்த வழியை நான் தொடவே மாட்டேன்.

கேள்வி: 60 கி.மீ. வழி, மொத்த ஏற்றம் 900 மீட்டர். புதிதாக ஓட்டும் என்னால் முடியுமா அண்ணா?

பதில்: அந்த 900 மீட்டர் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே மலையில் 5 சதவீத ஏற்றமாக (100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரம்) இருந்தால் 18 கி.மீ. தூரம் ஏற வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் சிறிய கியரில் சீராக மிதித்தால் ஏறிவிடலாம். அதே உயரம் 12 சதவீதத்தில் முப்பது குட்டி மேடுகளாக வந்தால், ஒவ்வொன்றும் 250 மீட்டர்தான், ஆனால் கால் ஓய்ந்துவிடும். இரண்டுக்கும் முன்னால் 30 கி.மீ. வழி ஒன்றை ஓட்டிப் பழகுங்கள்.

கேள்வி: எந்தத் திசையில் கிளம்புவது?

பதில்: காற்றுக்கு எதிராக. திரும்பும்போது, களைத்த நேரத்தில், அது முதுகில் தள்ளும்.

கேள்வி: இறக்கத்தில் வளைவு வந்தாலே பயம்.

பதில்: வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். டயருக்குத் தரையில் இருக்கும் பிடி ஓரளவுதான். திரும்பும்போது பிரேக்கையும் அழுத்தினால் அந்தப் பிடி இரண்டுக்கும் பங்காகி, வழுக்கும். சாலையோரத்துச் சரளையைப் பார்த்துக்கொண்டே போகாதீர்கள்; வண்டி கண் போகும் இடத்துக்கே போகும். வளைவு முடியும் இடத்தில் பார்வை இருக்கட்டும்.

கேள்வி: நாய் துரத்தினால்?

பதில்: இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடங்கள். ஓடாத ஆளைப் பெரும்பாலான நாய்கள் துரத்துவதில்லை.

கேள்வி: ட்யூப் மாற்றிய பத்தாவது நிமிடத்தில் மறுபடி பஞ்சர். ட்யூப் மட்டமா?

பதில்: முள் டயரிலேயே இருந்திருக்கும். பழைய ட்யூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, டயரில் அதே இடத்தை உள்பக்கமாக விரலால் மெதுவாகத் தடவுங்கள். நுனி தட்டுப்பட்டால் வெளிப்பக்கமாகத் தள்ளி எடுத்துவிட்டு, பிறகு புது ட்யூபைப் போடுங்கள்.