மாயாஜால நாவலைப் படமாக்குவது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

திரைக்கதை எழுதுபவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். பட்ஜெட் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: 700 பக்க நாவலை ஒரே படத்துக்குள் அடக்க முடியுமா?

பதில்: திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு உங்களிடம் இருப்பது 150 பக்கம்தான், அதனால் சுருக்கப் பார்த்தால் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். இது யாருடைய கதை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அவரை நகர்த்தாத அத்தியாயத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில், போட்டவரை மறையவைத்து ஆசைகாட்டிக் கெடுக்கும் ஒரு மோதிரம் வரும். டாம் பாம்பாடில் என்ற காட்டில் வாழும் விசித்திர மனிதர் மட்டும் அதை விரலில் போட்டும் மறைய மாட்டார், அதைச் சுண்டிவிட்டு விளையாடுவார். படிக்கும்போது ஆனந்தமாக இருக்கும். ஆனால் மோதிரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று ரசிகனுக்கு அப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறோம், அதற்குள் ஒருவர் சுண்டி விளையாடினால் அந்தப் பயம் என்னாவது? நாவலை மூன்று படமாக எடுத்த இயக்குநர் பீட்டர் ஜாக்சன், முதலாவதான 2001 படத்தில் அவரை விட்டுவிட்டது சரிதான். அதே ஜாக்சன் டோல்கீனின் 19 அத்தியாயமே உள்ள 'ஹாபிட்' நாவலை மூன்று படமாக இழுத்தார் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

கேள்வி: உரிமையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய பிறகுதான் உரிமை ஏற்கெனவே வேறொருவரிடம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கட்டு இன்னும் பரணில் கிடக்கிறது.

கேள்வி: எனக்குப் பிடித்த காட்சியை ஏன் வெட்டுகிறார்கள்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: குள்ள உருவங்கள் எல்லாம் கிராஃபிக்ஸ்தானே?

பதில்: எல்லாம் இல்லை. மந்திரவாதி காண்டால்ஃபும், மோதிரத்தைச் சுமக்கும் குள்ள நாயகன் ஃப்ரோடோவும் முதல் படத்தில் வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்களே, உண்மையில் ஃப்ரோடோவின் இருக்கை நன்றாகப் பின்தள்ளி இருக்கும். தூரத்தில் இருப்பவர் சின்னதாகத் தெரிவார், அவ்வளவுதான். கேமரா கோணம் கொஞ்சம் பிசகினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: படைத்தலைவன் ஃபாராமிரின் பாத்திரத்தைப் படத்தில் கெடுத்ததற்கு என்ன சமாதானம்?

பதில்: வந்துவிட்டதா! வழியில் கிடந்தால்கூட மோதிரத்தை எடுக்க மாட்டேன் என்பவன் நாவலின் ஃபாராமிர். 2002இல் வந்த இரண்டாம் படத்திலோ ஃப்ரோடோவைப் பிடித்துக்கொண்டு ஆஸ்கிலியத் என்ற பாழ்நகரம் வரை போகிறான். காரணம் இருக்கிறது. ராட்சதச் சிலந்தி ஃப்ரோடோவைத் தாக்கும் காட்சியை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டதால் இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவுக்கு உச்சக்கட்டமே இல்லாமல் போயிற்று, அதை ஈடுகட்டத்தான் இது.

கேள்வி: அப்படியானால் மோதிரத்தைப் பறிக்கப் பார்த்த அண்ணன் போரோமிருக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? காரணம் சொன்னால் குற்றம் போய்விடுமா?

பதில்: போகாது, ஒப்புக்கொள்கிறேன். தம்பி தொடாமல் விடுவதால்தான் அண்ணனின் வீழ்ச்சி நமக்கு வலிக்கிறது. படத்திலும் கடைசியில் விட்டுவிடுகிறானே என்று நீங்கள் கேட்கலாம், ஆனால் அது மனம் மாறுவது, நாவலில் இருப்பது குணம். ஃப்ரோடோவுக்கு ஆபத்து தேவை என்றால் அதை வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கலாம். ஆஸ்கிலியத்தில் நின்றுகொண்டு, நியாயப்படி நாம் இங்கே இருக்கவே கூடாது என்கிறான் ஃப்ரோடோவின் தோழன் சாம். நாவலில் அவர்கள் அங்கே போவதே இல்லை, அதனால் படித்தவர்கள் அந்த இடத்தில் சிரித்துவிடுவோம்.

கேள்வி: எழுத்தாளரே திரைக்கதை எழுதினால்?

பதில்: வில்லியம் கோல்ட்மன் தன் 'பிரின்ஸஸ் பிரைட்' நாவலுக்குத் தானே எழுதினார், 1987 படம் பிரமாதம். ஆனால் அவர் ஏற்கெனவே கைதேர்ந்த திரைக்கதையாளர்.

கேள்வி: நண்பரின் நாவல், வாய்மொழியாகச் சம்மதம் சொல்லியிருக்கிறார்…

பதில்: எழுதி வாங்குங்கள். நண்பர் என்றால் இரண்டு பிரதி.

கேள்வி: டாம் பாம்பாடிலை ஏன்…

பதில்: மேலே.