முழுக் கூடுதல் பொறுப்பில் ஒரு தலைவர்

வணக்கம் ஐயா,

நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. நீங்களும் ஒரு காலத்தில் கோப்பு தூக்கியவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்ததால் இதை எழுதத் துணிந்தேன்.

எனக்குச் சுயமுன்னேற்றப் புத்தகங்கள் படிக்கும் பழக்கம் உண்டு. வேலைக்கான தேர்வுக்குப் படித்த இரண்டு வருடமும் என்னைத் தாங்கிப் பிடித்தவை அவைதான். சென்ற மாதம் தலைமைப் பண்பு பற்றிய ஒரு புத்தகத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, அதிகாரி கூப்பிட்டார் என்று போனேன். திரும்பி வருவதற்குள் அது பிரிவு முழுவதும் ஒரு சுற்று வந்திருந்தது. எந்தக் கோப்பும் அந்த வேகத்தில் நகர்ந்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து என் பெயர் ‘தலைவரே’. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு கிண்டல். ‘தலைவர்கள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள்’ என்று ஒரு வரி. எங்கள் கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு, “ரெண்டும் தப்பு. முழுக் கூடுதல் பொறுப்பில் நியமிக்கப்படுகிறார்கள்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனதும் வருத்தமாக இருந்தது.

எதிர்மறையாகப் பேசுகிறவர்களை விட்டு விலகு என்கிறது புத்தகம். விலகினால் பிரிவில் நான் ஒருவன்தான் மிஞ்சுவேன். இந்தப் புத்தகங்கள் அரசு அலுவலகத்துக்கு உதவாதவையா? அல்லது இவர்கள்தான் எதற்கும் உதவாதவர்களா? வெளியிடுவதானால் பெயர் வேண்டாம்.

ஓர் உதவியாளர்

*

அன்புள்ள உதவியாளருக்கு,

உங்கள் கண்காணிப்பாளர் சொன்னதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். (முழுக் கூடுதல் பொறுப்பு என்றால், காலியான ஒரு நாற்காலியின் வேலையையும் வேறு நாற்காலியில் இருப்பவரே சேர்த்துப் பார்ப்பது.) அதற்காக என்னையும் விலக வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அப்படி ஒரு வரி எனக்கு வாய்த்திருந்தால் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருப்பேன். அவர் அதைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போயிருப்பார்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அப்படிச் சொல்வதற்கு அவர் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும். தினம் ஒரு அத்தியாயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுயமுன்னேற்றப் புத்தகம் வாங்குகிற பலர் மூன்றாம் அத்தியாயத்தோடு முன்னேறியது போதும் என்று நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் பிரிவுக்காரர்கள் கடைசிப் பக்கம் வரை போய்விடுவார்கள் போலிருக்கிறது.

நான் இருந்த பிரிவிலும் ஒருவர் இருந்தார். தலைமைப் பண்பு, நேர மேலாண்மை, மன வலிமை என்று எது கிடைத்தாலும் விடமாட்டார். புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு, மேலே ‘தன்பதிவேடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுவார். வெளியே இருக்கும் வாசகர்களுக்காக: தன் இருக்கைக்கு எந்தத் தபால் வந்தது, அது என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு எழுத்தரும் எழுதி வைக்க வேண்டிய பதிவேடு அது. அதை விரித்து வைத்து ஆழ்ந்து படிக்கிற ஊழியரை எந்த அதிகாரியும் தொந்தரவு செய்யமாட்டார். ஒரு நாள் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி நேரே அவர் மேஜைக்கு வந்து கையை நீட்டினார். கொடுக்காமல் என்ன செய்வது? பிரித்தார். ஒரு பக்கம் படித்தார். திருப்பி அடுத்த பக்கத்தையும் படித்தார். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் தலை நிமிராமல், “நிலுவை எவ்வளவு?” என்றார். நண்பர் எழுந்து நின்று, “ஆறு அத்தியாயம், ஐயா” என்றார். மேலதிகாரி புத்தகத்தை மூடி மேஜையில் வைத்து, “மாதக் கடைசிக்குள் முடித்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

அந்த நண்பரைச் சுற்றித்தான் எங்கள் மதிய நேரக் கச்சேரி. ‘இல்லை என்று சொல்லப் பழகு’ என்று ஒரு அத்தியாயம் வந்தது. “இதை யாருக்குச் சொல்லித் தருகிறான்? ‘விதிகளில் இடமில்லை’ என்று முப்பது வருஷமாக எழுதுகிறேன்” என்றார் எங்கள் கண்காணிப்பாளர். ‘அதிகாலை ஐந்து மணிக்கு எழு’ என்பதற்குத் தட்டச்சர் அக்கா, “நான் எழுந்துடுவேன், சர்வர் பத்தரைக்குத்தானே எழுந்திருக்குது” என்றார். ‘இரு தரப்புக்கும் வெற்றி’ என்ற தத்துவத்துக்குப் பதிவறை எழுத்தர் கொடுத்த விளக்கத்தை எந்த மேலாண்மைப் பள்ளியிலும் கேட்க முடியாது: “குறை கண்டுபிடித்துக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடு. எனக்கு வேலை முடிந்தது, உனக்கு வேலை கிடைத்தது.” ‘உன்னை நீ நம்பு’ என்ற அத்தியாயத்துக்கு மட்டும் யாரும் நீளமாகப் பேசவில்லை. “தணிக்கை நம்பணுமே” என்று ஒரு குரல் வந்தது. அதோடு சரி.

தணிக்கை பற்றிய அந்த ஒற்றை வரியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். சாமுவேல் ஸ்மைல்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1845-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், மாலையில் கூடித் தங்களுக்குத் தாங்களே பாடம் நடத்திக்கொண்ட இளம் தொழிலாளர்களிடம் பேசினார். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் 1859-ல் வந்த ‘செல்ஃப் ஹெல்ப்’. முதல் வருடமே இருபதாயிரம் பிரதி விற்றது. இந்த வகைக்கே பெயர் வைத்த புத்தகம் அது. டேல் கார்னகி 1912-லிருந்து நியூயார்க்கில் மேடைப்பேச்சு வகுப்பு எடுத்தார். 1936-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகம் அந்த வகுப்புகளிலிருந்து முளைத்தது. இரண்டு இடத்திலும் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தனி ஆட்கள். நாளைக் காலை தன் வாயாலோ கையாலோ பிழைப்பைத் தேட வேண்டியவர்கள். அவர்களிடம் ‘துணிந்து முடிவெடு’ என்றால் அர்த்தம் இருக்கிறது. வென்றால் அவர்களுக்கு, தோற்றாலும் அவர்களுக்கே.

இதில் ஒரு வேடிக்கை. ‘செல்ஃப் ஹெல்ப்’ வெளியானபோது ஸ்மைல்ஸ் ஒரு ரயில்வே கம்பெனியின் செயலாளர். அதாவது அவரும் நம்ம ஆள்தான். பகலில் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவர்.

அரசு அலுவலகமோ, எந்த ஒரு ஆளும் தனியாக முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே யோசித்துக் கட்டிய இடம். நீங்கள் குறிப்பு எழுதுவீர்கள், ஒருவர் சரிபார்ப்பார், இன்னொருவர் பரிந்துரைப்பார், நான்காமவர் ஆணையிடுவார், பிறகு எல்லோரும் மாறிப்போன பின் ஐந்தாமவர் ஒருவர் வந்து தணிக்கை செய்வார். இதைத் தாமதம் என்று திட்டலாம், திட்டவும் வேண்டும். ஆனால் பொதுப்பணம் ஒருவருடைய தன்னம்பிக்கையை மட்டும் நம்பி வெளியே போகாமல் இருப்பதும் இதனால்தான். ‘தோல்விதான் வெற்றியின் முதல் படி’ என்று உங்கள் புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். எங்கள் கண்காணிப்பாளர் அந்தப் படிகளை எண்ணியே காட்டினார். முதல் படி குறிப்பாணை. இரண்டாம் படி விளக்கம். மூன்றாம் படி ஊதிய உயர்வு நிறுத்தம். “வெற்றி எத்தனையாவது படியில் சார்?” என்று கேட்டேன். “அதுக்குள்ள ஓய்வு வந்துடும்” என்றார்.

ஆகவே உங்கள் சகாக்கள் புத்தகத்தைக் கிண்டல் செய்யவில்லை, விமர்சனம் செய்கிறார்கள். அந்த விமர்சனத்தில் விஷயமும் இருக்கிறது. 1969-ல் லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் ஒரு கோட்பாட்டைச் சொன்னார்கள்: ஒவ்வொருவரும் பதவி உயர்ந்து உயர்ந்து, தனக்கு வராத வேலை எதுவோ அந்த நாற்காலியில் போய் நின்றுவிடுவார். இதை நான் ஆர்வமாக எடுத்துச் சொன்னபோது தட்டச்சர் அக்கா யோசிக்கக்கூட இல்லை. “அது அவங்க ஊர்ல. இங்க பதவி உயர்வுக்கான முதுநிலைப் பட்டியலே கோர்ட்டுல இருக்கு. திறமை இல்லாத இடம் வரைக்கும் போக நமக்கு எங்க சான்சு?”

இவ்வளவும் உங்கள் சகாக்களுக்காக வாதாடியது. இனி உங்களுக்காக.

சிரிப்பு எங்களைக் கெடுக்கவும் செய்தது. கார்னகி புத்தகத்தில், ஒருவருடைய காதுக்கு அவருடைய பெயரைவிட இனிமையான ஒலி கிடையாது என்று வரும். எங்கள் அலுவலகத்தில் மனுதாரர்களுக்குப் பெயர் கிடையாது. “அந்த நானூத்திப் பன்னெண்டு வந்திருக்காரு” என்போம். கோப்பு எண். ஒரு வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் வந்தவர் வயதானவர். கோப்பைப் பார்த்துப் பெயரைச் சொல்லி, “வாங்க, உட்காருங்க” என்றேன். மனிதர் உட்காரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. “என் பேரெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே, ஏதாச்சும் பிரச்சினையா சார்?” என்றார். பிரிவு வெடித்துச் சிரித்தது. நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். அவர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கையில் இருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். “சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க சார். நான் வெளியில நிக்கறேன்” என்று போய் வராந்தாவில் நின்றார்.

அந்தக் கோப்பில் ‘பேசுக’ என்று ஒரு குறிப்பு இருந்தது. மேலே இருக்கும் அதிகாரி ஓரத்தில் பச்சை மையில் எழுதும் அந்த ஒற்றைச் சொல் உங்களுக்கும் தெரிந்ததுதான். நேரில் வந்து விளக்கு என்று அர்த்தம். நான் இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் அவர் கூட்டத்தில் இருந்தார். மூன்றாவது தடவை போகவில்லை. மூன்று வாரமாகக் கோப்பு என் மேஜையில் கிடந்தது. கேட்டால் ‘பேசுக’ என்று இருக்கிறது என்பேன். நான் எதையும் தவறாகச் செய்யவில்லை. எதையும் செய்யவே இல்லை.

எங்கள் பதிவறை எழுத்தருக்குப் பிடித்த குறள் ஒன்று உண்டு. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று பாதியைச் சொல்லி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவார். “வள்ளுவரே சொல்லிட்டாரு” என்பார். ‘தூங்கற்க தூங்காது செய்யும் வினை’ என்ற மறுபாதியை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 672-ஆம் குறள். இங்கே தூங்குவது என்றால் தாமதிப்பது. ஆறப்போட வேண்டியதை ஆறப்போடு, ஆறப்போடக் கூடாததைப் போடாதே. இன்றைய மேலாண்மைப் புத்தகங்கள் அவசரம் ஒரு பக்கம், முக்கியம் ஒரு பக்கம் என்று நாலு கட்டம் போட்டுப் பல பக்கம் விளக்குவதில் பாதிக்கு மேல் இந்த ஏழு சீரில் வந்துவிடுகிறது. இந்தக் குறள் திருக்குறளின் அமைச்சியல் பகுதியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆட்சி செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்காக எழுதியது. வியாபாரிக்கோ மேடைப் பேச்சாளருக்கோ எழுதியது அன்று. நமக்கென்றே ஒரு தலைமைப் பண்பு நூல் இருக்கிறது, நாம் அதில் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

அரசு அலுவலகத்தைப் பற்றி வந்தவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு கிண்டல் கட்டுரைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1955-ல் நார்த்கோட் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ‘எகனாமிஸ்ட்’ இதழில் எழுதியது. பிறகு புத்தகமாக விரிந்தது. முடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் வேலை விரியும் என்றார். பிரிட்டனின் காலனி அலுவலகத்தில் 1935-ல் 372 பேர், 1954-ல் 1661 பேர் என்று அவர் ஒரு கணக்கு கொடுக்கிறார். இடையில் இலங்கை போயிற்று, பாலஸ்தீனம் போயிற்று, சாம்ராஜ்யமே சுருங்கிக்கொண்டு வந்தது; ஆள் மட்டும் நாலு மடங்கு. அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் எந்த உத்வேகப் புத்தகமும் தராதது. அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துப் பக்கத்தைத் திருப்பினால், உள்ளே நம் மேஜை இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். யாரையும் விட்டு விலக வேண்டாம். புத்தகத்தையும் விட வேண்டாம். தேர்வுக்குப் படித்த இரண்டு வருடம் அது உங்களைத் தாங்கியது என்றால் அந்த நன்றி நியாயமானது. அப்போது நீங்கள் தனி ஆள், அது தனி ஆளுக்கான புத்தகம். இப்போது நாளை மதியம் நீங்களே ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். அவர்கள் சொல்கிற பதிலை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், தேதி போட்டு. கண்காணிப்பாளர் ஓய்வு பெறுவதற்குள் நல்ல புத்தகம் ஒன்று தேறும். அதற்கு இடையில் யாராவது வராந்தாவில் நின்றால் எழுந்து போய்விடுங்கள், ஜோக் பாதியில் இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த நாளும் அவர்கள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

‘தலைவரே’ பற்றிக் கவலைப்படாதீர்கள். என்னைப் பதினோரு வருடம் ‘கவிஞரே’ என்று கூப்பிட்டார்கள். நான் ஒரு கவிதைகூட எழுதியதில்லை.

பழுப்பு அட்டை போடுவதானால் ‘வருகைப் பதிவேடு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காலையில் யாராவது கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அன்புடன்.