தலைக்காய ஆராய்ச்சியும் ஒரு வேலைதான், அக்கா

அன்புள்ள அக்கா,

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். "டாக்டருக்குப் படி என்றால் தலைக்காய ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். அதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். உயிர் காக்கிற வேலை.

தலையில் அடிபட்டு வந்தவர்களுக்கு மூளை வீக்கம் வற்றட்டும் என்று பல வருடங்களாக ஸ்டீராய்டு ஊசி போட்டு வந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். பிறகு 'கிராஷ்' என்ற ஆய்வில் 10,008 பேரைச் சேர்த்து, குலுக்கல் போல ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு மருந்தில்லாத ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. மருந்து பெறாதவர்களில் 100-க்குச் சுமார் 18 பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். பெற்றவர்களில் 21 பேர். யாரும் உட்கார்ந்து எண்ணாமல் இருந்திருந்தால் அந்த ஊசி இன்னும் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கும்!

அப்படி எண்ணுகிறவர்களில் டாக்டர்கள் மட்டும் இல்லை. நள்ளிரவில் விபத்துப் பிரிவுக்கு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகால் அசைக்கிறாரா என்று பார்த்து, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும், 3 முதல் 15 வரையுள்ள கிளாஸ்கோ அளவில் குறிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது. வெளியே அழுதுகொண்டிருக்கும் தாயிடம்தான் ஆய்வைப் பற்றி அவசரப்படுத்தாமல் விளக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்: தானே குளிக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா, கோபம் அதிகமாகிவிட்டதா? இங்கே பாதிப் பேருக்கு அதற்குள் போன் நம்பர் மாறியிருக்கும். இதையெல்லாம் பெரும்பாலும் ஆராய்ச்சி நர்ஸ்தான் செய்கிறார். அதனால் உங்கள் மகள் சூலு மக்களின் மொழியான இசிசூலுவை நன்றாகப் பேசக் கற்கட்டும். அந்தத் தாயின் மொழி அதுவாகத்தான் இருக்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில், கணிதத்தை விடவே கூடாது. சுலபம் என்று 'கணித எழுத்தறிவு' (Mathematical Literacy) என்ற எளிய பாடத்துக்கு மாறிவிட்டால் பல கதவுகள் மூடிவிடும். அப்புறம் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் நர்சிங், அல்லது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவசர மருத்துவச் சேவைப் படிப்பு. எண்களில் ஆசை இருந்தால் புள்ளியியலும் நல்ல வழி. என்னைக் கேட்டால் நர்சிங்தான் முதலில். சில வருடம் விபத்துப் பிரிவில் நின்று பழகட்டும். நோயாளியைத் தொட்டுப் பார்த்த கை நிரப்பும் படிவத்தில் பிழை குறையும். பிறகு மருத்துவ ஆய்வு நெறிமுறைக்கான குறுகிய பயிற்சியை முடித்தால் ஆய்வுக் குழுவில் சேரலாம்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆய்வு வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள்; நிதி முடிந்தால் வேலையும் முடியும். நர்சிங் கவுன்சில் பதிவு கையில் இருந்தால் வார்டில் வேலை தேடலாம். வெறும் ஆராய்ச்சிப் பட்டத்தோடு நிற்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சி.ஏ.ஓ. (மத்திய விண்ணப்ப அலுவலகம்) விண்ணப்பத்தை நிரப்பும் முன் அவளையும் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாருங்கள். இரத்தத்தைப் பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கிறது என்பதை அவள் வாயால் கேட்க வேண்டும்.