சொந்தச் செலவில் சூனியம்? – வாசகர் கேள்வி பதில்

பெரிய பதிப்பகம் எதுவும் போடாத பேய்க்கதைத் தொகுப்புகளைச் சிலர் தேடித் தேடிப் படிக்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?
– வாசகர், கும்பகோணம்

பயம் சீக்கிரம் நீர்த்துப்போகிற சரக்கு. 300 பக்க நாவலில் மூன்றாம் முறை வரும் பேய், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பழகிவிடும். ஒரே அமர்வில் படித்து முடிக்கிற நீளம்தான் மனதில் முழுதாகப் பதியும் என்று அமெரிக்கப் பேய்க்கதை எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846-லேயே எழுதிவைத்தார். பெரிய பதிப்பகங்களுக்கோ சிறுகதைத் தொகுப்பு என்றாலே தயக்கம். நாவல் அளவுக்கு விற்காது என்று கணக்கு. அதனால் இந்த வகை நெடுங்காலமாகச் சின்னப் பதிப்பகங்களின் கையில்தான் பிழைத்து வருகிறது. 1937-ல் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் இறந்தபோது அவருடைய கதைகள் மலிவு இதழ்களில் சிதறிக் கிடந்தன. பெரிய பதிப்பகங்கள் கைவிரித்ததும் ஆகஸ்ட் டெர்லத், டொனால்ட் வான்ட்ரே என்ற இரு எழுத்தாளர்கள், அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள சாக் சிட்டி என்ற சிற்றூரில் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி 1939-ல் அவற்றைத் தாங்களே போட்டார்கள். அடித்தது 1,268 பிரதி, விலை 5 டாலர். அது விற்றுத் தீரச் சில வருடம் பிடித்தது. இன்னொரு அமெரிக்கத் திகில் எழுத்தாளர் தாமஸ் லிகோட்டியின் முதல் தொகுப்பும் 1980-களில் வெறும் 300 பிரதிதான்.

இன்னொன்று: "அந்த உருவம் யாருன்னு கடைசியில சொல்லிடுங்களேன்" என்று கேட்க இங்கே எடிட்டர் என்று ஆள் கிடையாது. விளக்கம் இல்லாமல் நிற்கிற கதைகள் பிழைப்பது அதனால்தான். கேட்டிருக்க வேண்டிய இடத்திலும் யாரும் கேட்காமல் விட்டு, கதை கெட்டுப்போவதும் உண்டு.

வாங்குவதற்கு முன்பே தேறுமா தேறாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் பொதுவாக முதல் 10 சதவீதம் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும். அதில் முதல் கதையின் முடிவைப் பாருங்கள். தொடக்கம் யாருக்கும் நன்றாக வரும். "அந்த வீட்ல பத்து வருஷமா யாருமே இல்லையே சார்" என்று வாட்ச்மேன் சொல்வதோடு முடிந்தால் அங்கேயே மூடிவிடலாம். செத்துப்போன மாமியாருக்கும் சேர்த்து மருமகள் மூன்றாவது டம்ளரில் காபி ஊற்றுவதோடு, ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லாமல் நின்றால் தைரியமாக வாங்கலாம். மெய்ப்புப் பார்த்தவர் பெயர் போட்டிருந்தால் அதுவும் நல்ல அறிகுறி.

என்னிடம் 19 பேய்க்கதைகள் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக நானே போடலாமா? வரிசை எப்படி?
– வாசகர், விருதுநகர்

வேண்டாம். டெமி அளவு, 11 பாயின்ட் எழுத்து என்றால் பக்கத்துக்குச் சுமார் 200 முதல் 220 சொல். ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு ஃபாரம் (சேர்த்து அச்சாகும் தாள்); 10 ஃபாரம், 160 பக்கத்தில் 30,000 சொல்லுக்குச் சற்று மேல் அடங்கும். பத்துப் பதினோரு கதை போதும். 163 பக்கம் வந்துவிட்டால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓடும், 13 பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். மூன்று பக்கத்தை வெட்டுவதே மலிவு.

எதை நீக்குவது? ஒவ்வொரு கதைக்கும் எதிரே, அதில் பயமுறுத்துவது எது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: கிணறு, பொம்மை, செத்த பாட்டி, ஃபோன். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். மிச்சத்தில் இரண்டாவது நல்ல கதை முதலில், மிக நல்லது கடைசியில். நீளமானது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரட்டும். ரத்தம் தெறிக்கும் இரண்டு கதைகளை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவது எடுபடாது.

முதல் கதை 1,800 சொல்லைத் தாண்ட வேண்டாம். 160 பக்கத்தில் கிண்டில் காட்டும் இலவச மாதிரி 16 பக்கம். தலைப்பு, உரிமை, பொருளடக்கம், முன்னுரை என்று ஏழு பக்கம் போனால் மிஞ்சுவது ஒன்பது. கதை அதற்குள் முடிந்தால்தான் வாங்க வருபவர் முடிவைப் பார்ப்பார். நம் ஆட்கள் மூன்று அணிந்துரை வாங்கி முன்னால் ஒட்டி இந்த ஒன்பதையும் காலிசெய்வார்கள். போதாக்குறைக்கு அணிந்துரைக்காரர் பேய் யார் என்பதையும் சொல்லிவிடுவார். அணிந்துரையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கதைகளை மின்னூலாக்க முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

யூனிகோடுக்கு மாற்றினால்தான் முடியும். மாற்றியதும் ஒருமுறை வரிவரியாகப் படித்தாக வேண்டும். கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். 'வந்தான்' 'வந்தரன்' ஆகியிருக்கும். அச்சுக்கு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு வைத்து வடிவமைத்தால், எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்ற வசதியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கொம்பு இடம் மாறி, 'கொலை' போன்ற சொற்கள் பிளந்து நிற்கும்.

ஐஎஸ்பிஎன்னுக்கு எவ்வளவு? பிரதிலிபியில் போட்ட கதைகளைக் கிண்டிலில் சேர்க்கலாமா?
– வாசகி, கோவை

நூலுக்கான அந்த அடையாள எண்ணுக்குக் காசே இல்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் நிறுவனம் இணையம் வழியே இலவசமாகத் தருகிறது. அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். கிண்டிலில் மட்டும் போட எண்ணே தேவையில்லை. அச்சிட்டால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்.

கிண்டிலில் சேர்க்கலாம். ஆனால் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அமேசானின் பிரத்தியேகத் திட்டத்தில் சேர வேண்டும். அதில் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும், இலவசமாகக்கூட, இருக்கக் கூடாது. முதலில் பிரதிலிபி கதைத் தளத்திலிருந்து கதைகளை எடுத்துவிடுங்கள். 35 சதவீதம் போதும் என்றால் இரண்டிலும் இருக்கட்டும்.

கறுப்பு அட்டை, சிவப்புத் தலைப்பு எப்படி?
– வாசகர், சேலம்

அதையேதான் எல்லோரும் போடுகிறார்கள். கறுப்பில் கருஞ்சிவப்பு, ஃபோனில் கட்டைவிரல் அளவுப் படத்தில் தெரியவே தெரியாது; மஞ்சளோ வெள்ளையோ வையுங்கள். மேட் லேமினேஷன் போட்ட கறுப்பில் கைரேகை அப்பும், முதுகு மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். 160 பக்கத்துக்கு முதுகு சுமார் 7 மில்லிமீட்டர்தான். அதில் தலைப்பைச் சின்னதாக வையுங்கள், கொஞ்சம் நகர்ந்தாலும் முன்னட்டைக்குத் தாவிவிடும்.